குடமூக்கும் குடமுழுக்கும்

(திருக்குடமுழுக்கு விழாவில் நிகழ்ந்த சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்



குடமுழுக்கு நிகழும் வேளையில் அன்பர் அனைவருடைய கண்களும் விமானத்தின் உச்சியையே நோக்கி நிற்கின்றன. வேள்விச் சாலையில் பல காலம் வழிபடப்பெற்ற நீர்க்குடங்கள் மேலே சென்று கலசங்களின்மீது சொரியப்படுகின்றன. அந்நீரில் ஒரு துளியேனும் தம்மேல் தெறித்தல் வேண்டுமென்று மக்கள் தலைமேற் கைகுவித்து நிற்கின்றனர். ஒரு குடத்திற்கு இத்துணைப் பெருமை எங்ஙனம் வந்தது? குடம் நீரைத் தாங்குகின்றது. நீர் இறைவன் அருளைத் தாங்குகின்றது. அக்குடத்தை அடியார் தலை தாங்குகின்றது. தாங்குதலே அதன் பெருமை எனலாம்.

குடத்தையே பெயராகக் கொண்ட பழம்பதி ஒன்று சோழ நாட்டில் உண்டு. தேவாரம் அதனைக் குடமூக்கு என்று வழங்கும். குடந்தை என்பதும் அதன் பெயரே. இன்று உலகம் அதனைக் கும்பகோணம் என்றழைக்கின்றது. வடக்கே காவிரியும் தெற்கே அரிசிலாறும் சூழ, இரண்டாற்றிடையே அமைந்த அம்மாநகரின் வரலாற்றையும், அதன் மக்கள் உழைத்துண்ணும் முறையையும், அங்கு வளர்ந்த கலையையும் கல்வியையும் நோக்குவார்க்கு, ஒரு திருக்கோயிலுக்கும் அதனைச் சூழ்ந்த ஊருக்கும் உள்ள தொடர்பு நன்கு விளங்கும். குடமுழுக்குச் செய்து முடித்தவர்க்கு எஞ்சி நிற்கும் கடமை யாது என்பதும் விளங்கும்.

முதற்கண் தல வரலாற்றைக் காண்போம். ஊழிப் பெருவெள்ளம் உலகை மூட இருந்த காலத்தில், படைப்பின் வித்தையும் அமுதத்தையும் ஒரு குடத்தில் இட்டு, மாவிலையும் தேங்காயும் நூலும் கொண்டு அணிசெய்து, நான்முகன் உறியிலேற்றி வைத்தான். வெள்ளத்தில் மிதந்து வந்த அக்குடம் இத்தலத்திலே தங்கிற்று. சிவபெருமான் வேட உருவில் வந்து அம்பெய்தான். குடத்தின் மூக்குச் சிதைந்து அமுதம் வெளிப்பட்டது. அமுதம் பரந்து தங்கிய இடங்கள் மகாமகக் குளமும் பொற்றாமரைக் குளமும் ஆயின. அமுதிலே குழைந்த மண்ணையும் குடத்தின் ஓட்டையும் சேர்த்து இறைவன் இலிங்கமாக்கி, அதனுள்ளே தானே கலந்து நின்றான். அவனே கும்பேசன். உடனுறையும் அம்மை மங்களநாயகி.

குடத்தைச் சார்ந்த பொருள்கள் சிதறிய இடங்களிலும் கோயில்கள் எழுந்தன என்று தலபுராணம் கூறும். உறி விழுந்த இடத்தில் சோமேசர் எழுந்தருளினார். பூணூல் விழுந்த இடம் கௌதமேசர் கோயிலாயிற்று. வில்வம் விழுந்த இடம் நாகேசர் கோயிலாயிற்று. அம்பெய்த இடம் பாணபுரீசர் உறையும் பாணாதுறையாயிற்று. இதன் உட்கருத்து யாது? ஒரு குடமே பிரிந்து ஓர் ஊராயிற்று என்பதாம். அவ்வூரின் ஒரு தெருவில் நிற்பவனும் அக்குடத்தின் ஒரு கூற்றிலேயே நிற்கின்றான். ஒரு கோயிலுக்கு வருந்துன்பம் மற்றொரு கோயிலுக்குப் புறம்பானதன்று. ஒரு தெருவின் துன்பமும் அவ்வாறே.

மற்றொன்றும் ஈண்டுக் கருதற்பாலது. கும்பேசர் மண்ணாலான திருமேனியர். ஆதலின் மூல இலிங்கத்திற்கு நீரால் திருமுழுக்காட்டுதல் இல்லை. புனுகு சாத்திக் கவசமணிந்து காக்கின்றனர். இருபுறமும் ஆறுகள் ஓட, திசைதோறும் குளங்கள் நிறைந்த ஊரில், ஊர்க்குத் தலைவனாகிய இறைவன் ஒருகுட நீரும் தாங்கலாகாத மென்மையுடையவனாய் வீற்றிருக்கின்றான்! எல்லாவற்றையும் காப்பவன், தன்னைக் காக்குமாறு அடியார் கையிலே தன்னை ஒப்புவித்து நிற்கும் எளிமை அது. ஆயிரமாண்டுக்கு மேலாக அம்மண் திருமேனியைக் கரையாது காத்து வந்தவை எளிய கைகள். நாடோறும் தவறாது செய்த பணிகள்.

இனி, வரலாறு நோக்குவாம். திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் குடமூக்கைப் பாடியருளினர். குடந்தைக் காரோணம் சம்பந்தர் பாடல் பெற்றது. மகாமகக் குளத்தின் வடகரையிலுள்ள காசி விசுவநாதர் கோயிலே அஃது என்பர். குடந்தைக் கீழ்க்கோட்டம் நாவரசர் பாடல் பெற்றது. நாகேசர் கோயிலே அது. இன்று காணும் நாகேசர் கற்றளி முதலாம் ஆதித்த சோழன் காலத்தது, ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சார்ந்தது. அதன் கருவறைச் சுவர்களில் நிற்கும் ஆடவர் மகளிர் உருவங்கள் உயிருள்ளார் போலத் தோன்றும். அடித்தளத்தில் இராமகாதை நிகழ்ச்சிகள் சாண் அகலமும் இல்லாத சிறு கற்களிற் செதுக்கப்பட்டுள்ளன. சித்திரைத் திங்களில் சில நாள்கள் காலைக் கதிர் நேரே கருவறை புகுந்து இலிங்கத் திருமேனியைத் தீண்டும்.

குடந்தைக்குத் தென்மேற்கே அணித்தாயுள்ள பழையாறை, சோழ வேந்தர் மாளிகை கொண்டிருந்த நகரம். மங்கையர்க்கரசியார் பிறந்த பதியும் அதுவே. பழையாறையில் வாழ்ந்த வணிகர் அமர்நீதி நாயனார். பொன்னும் மணியும் பட்டும் பருத்தியாடையும் விற்று ஈட்டிய பொருளைக் கொண்டு திருநல்லூரில் மடம் அமைத்து அடியார்க்கு அமுதளித்தவர் அவர். இறைவன் மாணவ உருவில் வந்து அவரிடம் ஒரு கோவணத்தை அடைக்கலமாக வைத்துப் பின்னர் அதனை மறைத்தருளினான். அதற்கு ஒப்பான கோவணம் கேட்டுத் துலாக்கோலின் ஒரு தட்டில் தன் கோவணத்தை இட்டான். வணிகர் மற்றைத் தட்டில் தம் ஆடைகளை எல்லாம் இட்டார், பொன்னை இட்டார், மணிகளை இட்டார். தட்டு ஒத்து நிற்கவில்லை. மனைவியோடும் மகனோடும் தாமே தட்டில் ஏறிய பின்னரே துலாக்கோல் நேர் நின்றது.

பொருளுடையார் உன்னிக் காணவேண்டிய வரலாறு இது. நாயனார் தம் வாணிகத்தை இழிவென்று விட்டொழித்தாரல்லர். அவ்வாணிகமே அடியார் உண்ட சோற்றிற்கு முதலாயிற்று. எனினும், எத்துணைப் பொருளை அள்ளி வைப்பினும் கொடுப்பவர் தம்மையும் உடன் வைத்தாலன்றித் தட்டு நேர் நில்லாது. பணம் கொடுத்து விலகி நிற்றல் எளிது. தாமும் தட்டில் ஏறுதல் அரிது. குடமுழுக்கு முடிந்த மறுநாளே நன்கொடையாளர் நெஞ்சில் எழ வேண்டிய வினா, ‘தட்டில் இன்னும் வையாதது யாது?’ என்பதாம்.

சோழர் காலத்துக் கொடை முறையும் இதனையே உணர்த்தும். கோயிலில் நந்தா விளக்கு ஒன்று எரிக்க விரும்பியவர் நெய்யை வாங்கிக் கொடுத்துச் சென்றிலர். பெரும்பாலும் 90 ஆடுகளோ 96 ஆடுகளோ கொடுத்தனர். அவ்வாடுகளை இடையர் ஏற்று வளர்ப்பர். நாளொன்றுக்கு உழக்கு நெய் கோயிலுக்கு அளப்பர். கிழடானவை கழியக் குட்டிகள் வளர்ந்து தொகை குறையாது நிற்றலின், அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டுகள் குறிக்கும். இதன் நுட்பத்தைக் காண்க. ஒரு விளக்கு எரிய ஒரு குடும்பம் வாழ்ந்தது. அக்குடும்பம் வாழ அவ்விளக்கு எரிந்தது. ஆடு மேயப் புல்வெளி வேண்டும். புல் வளர நீர் வேண்டும். ஆகவே, கருவறையில் எரிந்த ஒரு சுடரின் வேர் ஊரெல்லையில் உள்ள நீரிலே இருந்தது. கொடை என்பது பொருளைத் தீர்ப்பதாக இல்லாமல், பொருளைப் பெருக்கும் கைகளை வாழ்விப்பதாக இருந்தது. பழந்தமிழர் கண்ட பொருளியல் இதுவாம்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் தாராசுரத்தில் ஐராவதேசர் கோயிலை எடுப்பித்தான். நாயன்மார் வரலாறுகள் அங்குச் சிறு சிறு சிற்பங்களாகத் தொடர்ந்து செதுக்கப்பட்டுள்ளன. பெரியபுராணத்தைக் கல்லிற் காண விழைவார் காணத்தக்க இடம் அதுவே. 2004ஆம் ஆண்டில் உலகப் பண்பாட்டு நிறுவனமாகிய யுனெஸ்கோ அதனை உலக மரபுச் செல்வங்களுள் சேர்த்தது. அதன் பின் மூன்றாம் குலோத்துங்கன் திருபுவனத்தில் கம்பகரேசர் கோயிலை எடுப்பித்தான். இங்ஙனம் குடந்தையைச் சுற்றி இரண்டு மூன்று காத எல்லைக்குள் எழுந்த கோயில்கள் பல. கல் தச்சரும், கன்னாரும், நெய்வாரும், பூத்தொடுப்பாரும், இசைவாணரும் கோயிலை நாடி வந்து குடியேறினர். கோயில் எழுந்த பின்னும் அவர்கள் போகவில்லை.

அவர்தம் வழிவந்தோரின் தொழில்களே இன்றும் அவ்வட்டாரத்தின் பெருமை. சுவாமிமலையில் திருவுருவங்கள் வார்க்கும் சிற்பியர், தாராசுரத் திருப்பணிக்கு வந்த முன்னோரின் வழியினர் என்பது அவர்தம் மரபுரை. தென்னங்குருத்தோலை நறுக்கு ஒன்றே அவர்க்கு அளவுகோல். செய்யவேண்டிய திருவுருவின் உயரத்திற்கு அதனை நறுக்கி, நூல் கூறும் கணக்கின்படி மடித்து மடித்து முகம், மார்பு, முழந்தாள் என்று அளவு குறிப்பர். பின்னர் மெழுகில் உருவம் செய்வர். அதன்மேல் காவிரியின் வண்டல் மண்ணை நெகிழக் குழைத்துப் பூசுவர். அம்மண் மெழுகின் ஒவ்வொரு வரியையும் தன்மேல் ஏற்றுக்கொள்ளும். மேலும் மேலும் மண்ணிட்டு உலர்த்திச் சுட்டால் மெழுகு உருகி ஓடிவிடும். உள்ளே வெற்றிடம் நிற்கும். அவ்வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை வார்ப்பர். ஆறியபின் மண்ணை உடைத்தால் ஆடவல்லான் வெளிப்படுவான். ஒரு மண்கருவில் ஒரு திருவுருவமே பிறக்கும். மற்றொன்று வேண்டின் மீண்டும் மெழுகிலிருந்தே தொடங்கல் வேண்டும்.

நாச்சியார்கோயிலில் செய்யும் குத்துவிளக்குகளும் வண்டல் மண் அச்சிலேயே வார்க்கப்படுகின்றன. அடித்தளம், தண்டு, எண்ணெய் தாங்கும் தகழி, மேலே அன்னம் என்று தனித்தனியே வார்த்துக் கடைந்து, திருகி இணைப்பர். குடந்தையைச் சூழ்ந்த ஆற்றுப்படுகைக் கொடிக்கால்களில் அகத்தியைப் பற்றிப் படரும் வெற்றிலைக்கு மென்மையும் மணமும் தருவதும் அவ்வண்டலே. கும்பேசரின் திருமேனியும் மண். திருவுருவை ஈன்ற கருவும் மண். திருவிளக்கின் அச்சும் மண். தாம்பூலத்தின் வேரும் மண். குடத்திலிருந்து ஊர் பிறந்தது என்னும் புராணக் கூற்றை உழைப்போர் கைகள் நாடோறும் மெய்ப்பித்து வருகின்றன.

திருபுவனத்தில் பட்டு நெசவு சிறந்து விளங்குகின்றது. சௌராட்டிர மக்கள் அத்தொழிலிற் பெயர்பெற்றோர். நெசவாளரே கூடி அமைத்த கூட்டுறவுச் சங்கத்தால் அங்குப் பல குடும்பங்கள் வாழ்வு பெற்றன. குடந்தைக் கடைத்தெருவில் பித்தளைப் பாத்திரமும் சீவலும் வெற்றிலையும் நெடுங்காலமாக வாணிகப் பொருள்கள். சுற்றுவட்டாரத்து நெல்லெல்லாம் வந்து சேரும் சந்தையும் அதுவே. வாணிகம் வளர்ந்தமையின் 1866ஆம் ஆண்டில் நகராட்சி அமைந்தது. 1904ஆம் ஆண்டில் உள்ளூர்ப் பெருமக்கள் கும்பகோணம் வங்கியைத் தோற்றுவித்தனர். அதுவே பின்னாளில் சிட்டி யூனியன் வங்கி என்னும் பெயர் பெற்றது. 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி நகர மக்கள்தொகை 1,40,000க்குச் சற்று மேற்பட்டது. 2021ஆம் ஆண்டில் அந்நகர் மாநகராட்சியாக உயர்ந்தது.

சுவாமிமலைத் திருவுருவம், நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, திருபுவனம் பட்டு என்பன புவிசார் குறியீடு பெற்றன. 2025ஆம் ஆண்டில் கும்பகோணம் வெற்றிலையும் பெற்றது. பெருமைதான். எனினும், பெயர்க்குக் காவல் கிடைத்தமையால் மட்டும் கைக்குச் சோறு கிடைத்துவிடாது. உலையின் முன்னும் தறியின் முன்னும் கொடிக்காலிலும் பாடுபடுவார் தம் மக்களை அத்தொழிலில் விடத் தயங்குகின்றனர். ஒரு கலைஞன் மகன் கருவியைக் கீழே வைத்துவிட்டால், நூறு தலைமுறையாகத் திரண்ட அறிவு அவ்விடத்தே அற்றுவிடுகின்றது. விலை குறைவென்று பொறியில் அச்சிட்ட உருவத்தை வாங்கிக் கோயிலுக்கு அளிப்பவர், தாமறியாமலே ஒரு சாவா மூவாப் பேராட்டைக் கொன்றவராகின்றார்.

நாயக்கர் காலத்தில் குடந்தை மீண்டும் பொலிவுற்றது. அச்சுதப்ப நாயக்கர்க்கும் இரகுநாத நாயக்கர்க்கும் அமைச்சராயிருந்தவர் கோவிந்த தீட்சிதர். மகாமகக் குளத்தைச் சூழ்ந்து நிற்கும் 16 மண்டபங்களும் துலாபாரப் பொன்னைக் கொண்டு அவர் எடுப்பித்தவை என்பது வழக்கு. துலாபாரக் காட்சி அக்கரை மண்டபமொன்றில் செதுக்கப்பட்டும் உள்ளது. ஈண்டும் ஒரு துலாக்கோல்! பழையாறை வணிகர் ஏறிய தட்டு அடியார் அன்பைக் காட்டிற்று. நாயக்கர் காலத் தட்டில் நிறுத்த பொன்னோ, வழிப்போக்கர்க்கு நிழலும் நீராடுவார்க்குக் கரையும் ஆயிற்று. இரகுநாதர் எடுப்பித்த இராமசாமி கோயிலும், சாரங்கபாணி, சக்கரபாணி கோயில்களும் வைணவ மணம் கமழ நிற்கின்றன. குடந்தைப் பெருமாளைப் பாடிய ஒரு திருப்பதிகத்தைக் கேட்டே நாதமுனிகள் நாலாயிரத்தைத் தேடப் புகுந்தார் என்பது வைணவர் போற்றும் வரலாறு. சைவமும் வைணவமும் ஒரு குளத்து நீரை உண்டு வளர்ந்த ஊர் அது.

கல்வியிலும் குடந்தை பின்னிடவில்லை. 1854ஆம் ஆண்டில் காவிரிக் கரையில் எழுந்த பள்ளியே பின்னர் அரசினர் கல்லூரியாயிற்று. ‘தென்னாட்டுக் கேம்பிரிட்சு’ என்று அதனைப் புகழ்ந்தனர். கணித மேதை இராமாநுசன் வளர்ந்ததும் பயின்றதும் குடந்தையிலேயே. சாரங்கபாணி சந்நிதித் தெருவில் அவர் வாழ்ந்த இல்லம் இன்றும் போற்றப்படுகின்றது. அக்கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார், தாம் ஓய்வு பெறுங்கால் தம் இடத்திற்குத் திருவாவடுதுறை ஆதீனத்தில் பயின்ற உ. வே. சாமிநாதையரை அழைத்தார். பிரிய மனமில்லாதிருந்தும் ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் விடை கொடுத்தனுப்பினார்.

1880ஆம் ஆண்டில் குடந்தைக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரை ஐயர் காணச் சென்றார். முதலியார், ‘என்னென்ன நூல்கள் பாடங் கேட்டீர்கள்?’ என்று வினவினார். ஐயர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என்று அடுக்கிக்கொண்டே போனார். முதலியார் வியப்படையவில்லை, பழைய நூல்களைக் கற்றதுண்டா என்று கேட்டுச் சீவக சிந்தாமணியைக் கற்குமாறு தூண்டினார். சைவ மடத்தில் வளர்ந்த அறிஞர், ஒரு சமண காவியத்தைக் கையிலேந்தி, அதன் பொருள் விளங்காத இடங்களை அவ்வூரில் வாழ்ந்த சமணப் பெருமக்களை அடுத்துக் கேட்டுத் தெளிந்தார். 1887ஆம் ஆண்டில் சிந்தாமணி அச்சேறிற்று. சங்கநூல்களும் பிறவும் ஒன்றன்பின் ஒன்றாக உயிர்பெற்று வந்தன. ஏடு கரையானுக்கு இரையாகாமற் காத்ததும் ஒரு திருப்பணியே. தம் சமயத்தில் உறுதி உடையார்க்குப் பிறர் நூலைப் போற்றுவதால் குறைவொன்றும் வாராது என்பதற்குக் குடந்தை சான்று.

இனிச் சொல்லவேண்டுவது துயரமானது. மங்கல விழாவில் அதனைக் கூறலாமோ எனின், கூறாது விடுதல் அறமன்று.

வியாழன் சிம்ம இராசியில் நிற்க, மாசித் திங்களில் மக நாளும் நிறைமதியும் கூடும்பொழுது மகாமகம் நிகழும். ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் அந்நன்னாளில் கங்கை முதலிய ஒன்பது புண்ணிய நதிகளும் மகாமகக் குளத்தில் வந்து கூடுவதாகச் சான்றோர் கூறுவர். சிவாலய மூர்த்திகள் குளக்கரைக்கு எழுந்தருளுவர். 1992ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் நிகழ்ந்த மகாமகத்தில் கூட்ட நெரிசலிற் சிக்கி ஏறத்தாழ ஐம்பதின்மர் மாண்டனர். பாவம் தீர நீராட வந்தவர்கள் வீடு திரும்பவில்லை.

2004ஆம் ஆண்டு மார்ச்சில் மகாமகம் இனிதே நிறைவுற்றது. அவ்வாண்டு சூலை 16ஆம் நாள், நகரிலிருந்த ஒரு பள்ளியில் சமையற்கூடத்தில் எழுந்த தீ கீற்றுக் கூரையைப் பற்றிற்று. 94 குழந்தைகள் உயிர் துறந்தனர். குளங்கள் சூழ்ந்த ஊரில், இரண்டாற்றின் நடுவே, அக்குழந்தைகளைக் காக்க ஒரு குடம் நீர் உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. ஆண்டு நினைவு நாளில் பெற்றோர் விளக்கேந்தி மகாமகக் குளத்திற்கு வந்து அஞ்சலி செய்து வந்துள்ளனர். கோயில் விளக்கிற்குப் பெயர்பெற்ற வட்டாரத்தில் அவ்விளக்குகளே மிகக் கனமானவை.

இவற்றை ஊழ் என்று சொல்லி ஒதுங்குதல் சைவத்தின் கொள்கையாகாது. ஊழை நுகர்வோர்க்கு இரங்குக என்றே நம் சமயம் கற்பிக்கின்றது; காக்கும் கடமையைக் கைவிடுக என்று அஃது எங்கும் கூறவில்லை. தீக்குப் பின்னர்ப் பள்ளிகளின் கீற்றுக் கூரைகளை அகற்ற ஆணை பிறந்தது. 2016ஆம் ஆண்டு மகாமகத்தில் பல நாள்களாக நீராடலைப் பகிர்ந்து கூட்டத்தை ஒழுங்குபடுத்தினர். இலட்சக்கணக்கானோர் நீராடி நலமே திரும்பினர். செய்ய முடிந்ததே முன்னரும் செய்யப்பட்டிருக்கலாம் என்பதை உணர்வார்க்கு நெஞ்சு உறுத்தும். அவ்வுறுத்தல் நல்லது. அடுத்த மகாமகம் 2028ஆம் ஆண்டில் வருமளவும் அது மறவாதிருத்தல் வேண்டும்.

நீரைப் பற்றியும் ஒரு சொல். குளத்தின் படியைப் பழுதுபார்ப்பார் பலர்; அக்குளத்திற்கு நீர் கொணரும் வாய்க்காலைக் கேட்பார் சிலர். காவிரியிலிருந்தும் அரிசிலாற்றிலிருந்தும் பிரிந்து தெருவின் அடியிலும் தோட்டத்தின் ஊடும் சென்று குளங்களை நிறைத்த வாய்க்கால்கள் பலவிடங்களில் தூர்ந்தும் மறைந்தும் போயின. வாய்க்கால் அற்ற குளம் மூக்கடைத்த குடம். வாய்க்காலின்மேல் கட்டப்பட்ட கடைவாடகையிலிருந்து கோயிலுக்கு விளக்கிடுவாரும் உளர். அவ்விளக்கை இறைவன் எங்ஙனம் ஏற்பான்!

நன்கொடையாளர் நெஞ்சிற் கொள்ளத்தக்க மற்றொரு வரலாறும் குடந்தையில் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாகேசர் கோயில் சிதைந்து கிடந்தது. பாடகச்சேரி இராமலிங்க சுவாமிகள் என்னும் துறவி, ஒரு பாத்திரத்தைக் கழுத்திற் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று திருப்பணிக்கு இரந்தார். செல்வர் இட்ட வெள்ளிக்காசும் அதில் விழுந்தது. கூலிக்காரி இட்ட காலணாவும் அதில் விழுந்தது. சுவாமிகள் வயிற்றுப் பசியையும் மறந்தாரில்லை. ஏழை எளியவர்க்குச் சோறிட்டார். நாய்களுக்கும் இலையிட்டு உணவளித்தார். கோயில் புதுப்பொலிவு பெற்றுக் குடமுழுக்கும் நிகழ்ந்தது. அவர் கழுத்தில் தொங்கிய பாத்திரமும் ஒரு கும்பமே. ஊர் முழுவதையும் ஒரு பாத்திரத்திற் கூட்டியவர் அவர்.

அன்பர்களே! மீண்டும் குடத்திற்கே வருவோம். இன்று கலசத்தில் சொரிந்த நீர் நாளை உலர்ந்துவிடும். பன்னிரண்டு ஆண்டு கழித்து மீண்டும் சாரங் கட்டுவார்கள். அதுவரை அக்கோயிலுக்குக் குடமுழுக்காட்டுபவர் யாவர்? வண்டல் குழைக்கும் சிற்பி ஒருவர். கொடிக்காலில் நீர்பாய்ச்சும் உழவர் ஒருவர். தறியில் அமர்ந்த தாய் ஒருத்தி. ஏடு புரட்டும் மாணவன் ஒருவன். இவர்கள் வாழும்வரை கோயில் வாழும். ஆகவே திருப்பணிக் குழுவினர் கணக்கை முடித்து மூடிவிடுதல் வேண்டா. எஞ்சிய பொருளில் ஒரு பங்கு வாய்க்காலுக்கு ஆகுக. ஒரு பங்கு கைத்தொழில் கற்கும் பிள்ளைக்கு ஆகுக. விழாக்காலங்களில் வருவோர் போகும் வழி அகலமாகவும், மடைப்பள்ளியும் அன்னதானக் கூடமும் தீக்கு அஞ்சாதனவாகவும் இருத்தற்கு ஒரு பங்கு ஆகுக. நூல் நிலையத்திற்கும் சிறிது ஆகுக. இவையும் திருமுழுக்கே.

கும்பேசன் மண்ணாயிருந்து உணர்த்துவது இதுதான்: காக்கப்படுவது எதுவும் தானே நிலைத்து நிற்பதில்லை; நாடோறும் ஒரு கை அதனைத் தாங்கிக்கொண்டிருக்கின்றது. அக்கை நம்முடையதாகுக. ஆறு பெருகுக, குளம் நிறைக, உலையும் தறியும் கொடிக்காலும் செழிக்க, பள்ளி செல்லும் பிள்ளைகள் மாலையில் இனிதே வீடு திரும்புக, மங்களநாயகி உடனாய கும்பேசன் திருவருள் யாவர்க்கும் துணை நிற்க.

திருச்சிற்றம்பலம்